தோட்டத்து ரொட்டியும் டவுண் கொத்தும்: மலையகத்துக் கலப்புச் சாப்பாடு என்ன சொல்கிறது?

கேள்வி பண்டாரவளையில் ஹோட்டல் துறை படிக்கும் ஒரு தங்கச்சியுடையது. 'ஃபியூஷன் உணவும் பண்பாட்டுப் பன்மையும்' என்று வகுப்பில் கட்டுரை கொடுத்திருக்கிறார்களாம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் கொத்து ரொட்டியில் ஒன்றாகச் சேருகிறார்கள், அதுதான் நல்லிணக்கம் என்று விரிவுரையாளர் சொன்னாராம். "நம்ம மலையகத்தில் இதற்கு என்ன உதாரணம் காட்டலாம்? கலப்புச் சாப்பாட்டைப் பார்த்துப் பன்மை பற்றி உண்மையிலேயே என்ன தெரிந்துகொள்ளலாம்?" என்று கேட்கிறார்.

உதாரணம் தேடி அலையவே வேண்டாம், தங்கச்சி. மலையகத்தில் எந்த வீட்டு அடுப்பை எட்டிப் பார்த்தாலும் நாலைந்து நாடு தெரியும். ஆனால் விரிவுரையாளர் சொன்னதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பல இனத்துச் சாப்பாடு ஒரு தட்டில் சேர்ந்துவிட்டது என்பதற்காக, அந்த இனங்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டன என்று ஆகிவிடாது. பல சமயம் ஒருவர் சமைத்தார், இன்னொருவர் சாப்பிட்டார். இன்னும் பல சமயம் வேறு வழியில்லாமல் கிடைத்ததைப் போட்டுச் சமைத்தார்கள், அது பழகிப்போய் ருசியாகிவிட்டது. எங்கள் பக்கத்துக் கதை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

தோட்டத்து ரொட்டியை எடுங்கள். கோதுமை மா, துருவின தேங்காய், உப்பு, தண்ணீர். கையில் இருந்தால் பச்சை மிளகாயும் வெங்காயமும் பொடியாக நறுக்கிப் போடுவார்கள். சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி இழுத்து இழுத்துப் பிசையக் கூடாது. மா சேர்ந்து வந்தால் போதும். உருட்டி, உள்ளங்கையாலேயே தட்டி, ஓரம் வெடித்திருந்தாலும் பார்க்காமல் சூடான கல்லில் போட வேண்டும். எண்ணெய் கிடையாது. இரண்டு பக்கமும் கரும்புள்ளி விழுந்ததும் அடுப்புத் தணலில் ஓரத்தைக் காட்டி எடுப்பார்கள். கூடவே கட்டச் சம்பல்: செத்தல் மிளகாயையும் உப்பையும் அம்மியில் வைத்து நசுக்கி, சின்ன வெங்காயம் சேர்த்து அரைத்து, வீட்டில் இருந்தால் கொஞ்சம் மாசிக் கருவாடு, கடைசியில் தேசிக்காய்ப் புளி. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு, போகுமுன் சுட்டுத் துணியில் சுற்றிக்கொண்டால், மலையில் தேத்தண்ணி நேரம் வரைக்கும் கெடாது. ஆறினாலும் நொறுங்காது. இரண்டு சாப்பிட்டால் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்க வயிறு தாங்கும்.

இப்போது அந்த ரொட்டிக்கும் சம்பலுக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கோதுமை இலங்கையில் விளையாது, கப்பலில் வருகிறது. தேங்காய் குருநாகல் பக்கத்திலிருந்து லொறியில் ஏறுகிறது. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாக் குளிரில் தென்னை காய்க்காது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கீசர் கப்பல் வழியாக இந்தப் பக்கத்துக்கு வந்தது. மாசி மாலைதீவு மீன். வெங்காயம் யாழ்ப்பாணத்திலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வரும், உப்பு புத்தளத்திலிருந்து வரும். மலையகத்தின் சொந்தச் சரக்கு என்று பார்த்தால் மலை ஊற்றுப் பீலித் தண்ணீரும் விறகும்தான். தட்டிய கையும் எங்களுடையது. ஆனாலும் "மலையகத்துச் சாப்பாடு எது?" என்று யாரைக் கேட்டாலும் இந்த ரொட்டியைத்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். ஒரு சமூகத்தின் சாப்பாடு அந்த மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது 'அசல்' என்று பேசுகிறவர்களுக்கு இந்த ரொட்டியைத்தான் நான் நீட்டுவது வழக்கம்.

எங்கள் ஆட்கள் எப்படி ரொட்டிக்காரர்கள் ஆனார்கள் என்பதுதான் இதில் முக்கியம். 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரர் லூல்கந்துரையில் தேயிலை போட்ட பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவர்கள் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கத்துக் காய்ந்த சீமைக்காரர்கள். அங்கே அவர்கள் கம்பும் கேழ்வரகும் சோளமும் சாப்பிட்டவர்கள். ரொட்டி அவர்களுக்குத் தெரியாது. இங்கே தோட்டம் கொடுத்தது அரிசி. அதையும் சும்மா கொடுக்கவில்லை. சம்பளக் கணக்கில் கழித்துக்கொண்டது. 1927இல் வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டம், தோட்டம் என்ன விலைக்கு மேல் அரிசி கொடுக்கக் கூடாது என்பது வரை பேசியது என்றால், அரிசி எவ்வளவு பெரிய பிடியாக இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் பர்மா ஜப்பான் படையின் கைக்குப் போனது, இலங்கையில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது, பங்கீட்டில் கோதுமை மா நுழைந்தது. போர் முடிந்த பிறகும் மா போகவில்லை. 1950களிலிருந்து அமெரிக்காவில் மிஞ்சிய கோதுமை உதவித் திட்டங்களில் வந்து இறங்கியது. 1980இல் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் பெரிய மா ஆலை திருகோணமலையில் ஓடத் தொடங்கியது. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டின் அறையில் நெல் குற்ற இடமில்லை, உளுந்து ஊறவைத்து ஆட்ட நேரமுமில்லை. விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைத் தயார்ப்படுத்தி, மலைக்கு ஓடுகிற பெண்ணுக்கு, கறி வைக்காமலே முடிந்துவிடுகிற சாப்பாடு வேண்டும். அந்த இடத்தில் ரொட்டி உட்கார்ந்துகொண்டது.

இதற்கு இருட்டான பக்கமும் உண்டு. 1973, 74இல் நாடு முழுக்க உணவுத் தட்டுப்பாடு. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவே கட்டுப்பாடு. சொந்தமாக ஒரு முழ நிலமும் இல்லாத தோட்ட மக்கள்தான் அதில் அதிகம் அடிபட்டார்கள். தோட்டங்களில் பட்டினிச் சாவுகளே நடந்தன. அந்தத் தலைமுறை ஆட்கள் மரவள்ளிக்கிழங்கைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். இன்றைக்கு ஹோட்டல் மெனுவில் மரவள்ளியும் கட்டச் சம்பலும் 'பாரம்பரிய உணவு' என்று அழகாகப் போட்டிருக்கிறார்கள். நல்ல ருசிதான், நானும் விரும்பிச் சாப்பிடுவேன். ஆனால் அது சிலருக்குப் பாரம்பரியம், சிலருக்குப் பஞ்சம். அப்புறம் 2022. செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 95 வீதத்துக்கு வந்து நின்றது. மா விலை ஏறியபோது பேக்கரிக்காரர்கள் பாணைச் சிறிதாக்கினார்கள், லயத்து வீடுகளில் ரொட்டியின் எண்ணிக்கை குறைந்தது. தன் மண்ணில் விளையாத தானியத்தை முக்கிய உணவாக ஆக்கிக்கொண்ட சமூகம், எங்கேயோ நடக்கிற போருக்கும் டொலர் விலைக்கும் பட்டினி கிடக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே கலப்பு என்றதும் என்ன சேர்ந்தது என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். என்ன விட்டுப்போனது என்பதையும் எழுதுங்கள். கம்பங்கூழ், சோளச் சோறு, வரகு எல்லாம் எங்கள் ஆட்களின் நாக்கை விட்டே போய்விட்டன. இன்றைக்கு இருக்கிற மலையகப் பிள்ளைக்குக் கம்பு எப்படி இருக்கும் என்று கேட்டால் தெரியாது. அதை யாரும் திட்டம் போட்டு அழிக்கவில்லை. விதைக்க நிலம் இல்லை, தோட்டத்துக் கடையில் அது விற்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, பங்களாவுக்குப் போவோம். அங்கே வேறு வகைக் கலப்பு நடந்தது.

என் தாத்தா டிக்கோயாப் பக்கம் ஒரு துரை பங்களாவில் குசினியில் இருந்தவர். பங்களாவில் சமையலுக்கு இருப்பவரை அப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாமலே கட்லட், ரோஸ்ட், கேரமல் புடிங் எல்லாம் செய்வார். துரைச்சாணி ஒரு தடவை பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் போதும், அடுத்த தடவை அது அவருடைய கைப்பக்குவத்துக்கு வந்துவிடும். கட்லட்டுக்குள் மிளகும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் எப்படிப் போயின என்று நினைக்கிறீர்கள்? எந்த இங்கிலாந்துக்காரரும் எழுதிக் கொடுத்ததில்லை. இவர்கள் போட்டார்கள், அவர்கள் சாப்பிட்டுப் பார்த்துப் பேசாமல் இருந்தார்கள். இன்றைக்கு அட்டன் பேக்கரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற கட்லட், பேட்டிஸ், ரோல்ஸ் எல்லாம் இப்படிப் பெயர் தெரியாத சமையற்காரர்கள் வழி வந்தவை. நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களின் கிளப் இன்னும் இருக்கிறது. அதன் வரலாற்றைப் படிக்கலாம், அங்கத்தவர்களின் பெயர்களைப் பார்க்கலாம். குசினியில் நின்றவர்களின் பெயர்களைத் தேடினால் கிடைக்காது.

லீக்ஸை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகத் தெரியும். 1840களின் கடைசியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் பண்ணை போட்டு, இங்கிலாந்திலிருந்து ஆள், மாடு, விதை எல்லாம் கொண்டுவந்து இறக்கினார். கோவா, கரட், பீட்ரூட், லீக்ஸ், உருளைக்கிழங்கு என்று இன்றைக்கு நாடு முழுக்க 'மலைநாட்டு மரக்கறி' என்று பெயர் வாங்கியிருப்பது எல்லாம் அந்தக் குளிருக்கு ஒத்துப்போன வெளிநாட்டுச் செடிகள். லீக்ஸில் ஐரோப்பியர்களுக்கு வேண்டியது வெள்ளைத் தண்டு. அதை வெட்டி சூப்புக்குப் போடுவார்கள். நீளமான பச்சை இலை குப்பைக்குப் போகும். தாத்தா சொல்வார், பங்களாவில் வெள்ளை மேசைக்குப் போகும், பச்சை எங்கள் சட்டிக்கு வரும் என்று.

அந்தப் பச்சையை வைத்து எங்கள் ஆட்கள் செய்ததைப் பாருங்கள். லீக்ஸ் இலை மடிப்புக்குள் மண் நிறைய இருக்கும். நீளவாக்கில் கீறி, விரித்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும், இல்லாவிட்டால் பல்லில் நறநறவென்று கடிபடும். பிறகு இலையைச் சுருட்டிப் பிடித்து நூல் நூலாக அரிய வேண்டும். சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம், இடித்த செத்தல் மிளகாய், மஞ்சள். அதன்மேல் லீக்ஸைக் கொட்டி, மூடாமல், பெரிய நெருப்பில் கிளற வேண்டும். மூடினால் பச்சை நிறம் போய்ப் பழுப்பாகி, நீர்விட்டுக் குழையும். இறக்குமுன் இடித்த மாசி ஒரு கரண்டி. சிலர் அவித்த உருளைக்கிழங்கைப் பிட்டுப் போடுவார்கள். சோற்றோடும் சாப்பிடலாம், ரொட்டியோடும் சாப்பிடலாம். செடி ஐரோப்பாவுடையது, தாளிப்பு தமிழ்நாட்டுடையது, மாசி மாலைதீவுடையது. இப்படி மாசி போட்டு வதக்குகிற பழக்கம் சிங்களச் சமையலோடும் ஒத்துப்போவது. இன்றைக்குக் கொழும்பிலும் மாத்தறையிலும் லீக்ஸைப் பச்சையோடுதான் சமைக்கிறார்கள். எறிவதற்கு மனம் வராத பல அடுப்புகளில் தனித்தனியாகப் பிறந்த கறி இது. என் தாத்தாவின் அடுப்பு அதில் ஒன்று.

எனக்குத் தெரிந்து நம் நாட்டிலேயே மிக நேர்த்தியான ஃபியூஷன் சமையல் இந்த லீக்ஸ் கறிதான். கொத்தைவிட இதைத்தான் கட்டுரையில் எழுதச் சொல்வேன்.

தோட்டத்துக்கும் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கும் நடந்த கொடுக்கல் வாங்கல் இன்னொரு கதை. இந்த இரண்டு பேரையும் பகையாளியாக்குகிற மாதிரித்தான் வரலாறு அமைந்தது. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தால் கிராமத்தவர் பயன்படுத்திவந்த காடும், காடு வெட்டிப் பயிரிடுகிற சேனைநிலமும் அரசுக்குப் போய், அங்கிருந்து தோட்டக்காரர்களுக்குப் போனது. அந்த நிலத்தில் வேலை செய்யக் கொண்டுவந்த ஆட்கள் நாங்கள். கண்டிக் கிராமத்தாருக்கு எங்களைக் கண்டால் ஏன் கசப்பு என்பது இதில் விளங்கும். அதே சமயம் சம்பள நாளில் தோட்டத்து வாசலுக்குப் பலாக்காய், கித்துள் கருப்பட்டி, வெற்றிலை பாக்கு, கொறக்காப்புளி கொண்டுவந்து விற்றதும் அதே கிராமத்தார்தான். பிளேன் டீக்கு சீனி போடாமல் கருப்பட்டியைக் கடித்துக் குடிக்கிற பழக்கம் அவர்களிடமிருந்து எங்களுக்கு வந்தது. மீன் குழம்பில் ரம்பை இலையும் கறுவாவும் போடுவது, பருப்பைத் தேங்காய்ப்பாலில் வைப்பது, மிளகாய்த்தூளைக் கறுக்க வறுத்து இடிப்பது எல்லாம் இங்கே கற்றுக்கொண்டவை. தமிழ்நாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுக் குழம்பை வாயில் வைத்ததும் "இது நம்ம ஊர் ருசி இல்லையே" என்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரரும் அதையேதான் சொல்வார். இரண்டுபேருமே சொல்வது சரி.

எங்களிடமிருந்து அந்தப் பக்கம் போனதும் குறைவில்லை. தோசை, உளுந்து வடை, கடலை வடை இல்லாத சிங்கள ஊர் இன்று கிடையாது. பதுளை ரயிலில் வடைக் கூடையோடு ஏறுகிறவர் எந்த இனம் என்று யாரும் கேட்பதில்லை. வடை சூடாக இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். சித்திரைப் புத்தாண்டு இருவருக்கும் ஒரே நாள். பாற்சோறும் கொக்கிஸ் பலகாரமும் அவர்களிடமிருந்து லயத்துக்கு வரும், தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் இங்கிருந்து போகும். வெசாக் நாளில் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற தன்சலில் வரிசையில் நிற்கும்போது எல்லாருக்கும் ஒரே அளவு சோறுதான் விழும்.

இதையெல்லாம் கேட்டால் விரிவுரையாளர் "பார்த்தீர்களா, நல்லிணக்கம்" என்பார். அங்கேதான் எனக்கும் அவருக்கும் தகராறு.

தோசையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் தோசைக்கடைக்கு நெருப்பும் வைத்தார்கள். 1977இலும் 1983இலும் மலையக நகரங்களில் தமிழர் கடைகள் எரிந்தன. எரித்த கூட்டத்தில் அந்தக் கடையில் காலையில் வடை வாங்கியவர் ஒருவரும் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அதற்கு முன்னாலேயே, 1948இல் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைக்கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். பிளேன் டீ அப்போதும் எல்லார் வீட்டிலும் கொதித்தது. ஒருவரின் சாப்பாட்டை ஏற்றுக்கொள்வது லேசு. அவரை ஏற்றுக்கொள்வதுதான் கஷ்டம். முதலாவது நடந்தால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று நம்ப நம் நாட்டு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

விரிவுரையாளர் சொன்ன கொத்துக்கே வருவோம். கிழக்கு மாகாணத்தில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளில் தொடங்கியது என்பதுதான் பரவலான பேச்சு. மெல்லிய ரொட்டியை இரும்புக் கல்லில் போட்டு, முட்டை, மரக்கறி, இறைச்சிக் குழம்பு ஊற்றி, இரண்டு தகடுகளால் தாளம் தட்டிக் கொத்துகிற சத்தம் ராத்திரி ஏழு மணிக்கு மேல் அட்டன் டவுணில் எந்தச் சந்திலும் கேட்கும். எல்லா இனமும் சாப்பிடுகிறது, உண்மைதான். ஆனால் 2018 பெப்ரவரி 26ஆம் திகதி அம்பாறையில் நடந்ததையும் கட்டுரையில் சேருங்கள். முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட வந்தவருக்குக் கறியில் ஒரு கட்டி தென்பட்டது. சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்ய மாத்திரை போட்டிருக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துப் பார்த்ததில் அது வெறும் மாக்கட்டி. அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் கிடையாது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, வேறொரு சம்பவத்தைச் சாக்காக வைத்து நம் மலைநாட்டிலேயே திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் போட்டார்கள்.

நல்லிணக்கத்தின் சின்னம் என்று காட்டப்படுகிற அதே கடைச் சாப்பாடு ஒரே ராத்திரியில் பயத்தின் சின்னமானது. அப்படிப்பட்ட கடைகளில் சாப்பிட்டுப் பழகியவர்கள்கூட அதை நம்பியிருக்கலாம். சமைக்கிற கையை அறியாமல் சாப்பாட்டை மட்டும் அறிந்திருந்தால் நிலைமை இப்படித்தான் இருக்கும்.

வெளிநாட்டு உதாரணமும் ஒன்றிரண்டு வேண்டுமென்றால், தோட்டத் தொழிலாளர் வழி வந்தவற்றை எடுங்கள்; நம் கதைக்கு அவைதான் பொருந்தும். 1860இலிருந்து தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களுடைய டர்பன் நகரத்தில் பாணின் நடுவைக் குடைந்து அதற்குள் கறியை ஊற்றிக் கொடுக்கிற 'பன்னி சௌ' இன்றைக்கு அந்த நகரத்தின் அடையாளம். 1899இல் ஜப்பானியக் கூலிகள் பெருவுக்குக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள்; அவர்கள் பேரப்பிள்ளைகளின் கையில் பெரு நாட்டு மீனும் ஜப்பானியப் பக்குவமும் சேர்ந்து உருவான 'நிக்கேய்' சமையலுக்கு இன்றைக்கு லீமாவில் பெரிய மரியாதை. ஃபியூஷன் என்ற பெயரை அமெரிக்கச் சமையற்காரர்கள் 1980களில் பிரபலமாக்குவதற்கு வெகு காலத்துக்கு முன்னாலேயே கூலிக்காரர்கள் அந்த வேலையைச் செய்து முடித்திருந்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், பெருவில் அந்தச் சமையலின் பெருமையும் காசும் அந்தச் சமூகத்துக்கும் வந்து சேர்ந்தன. இங்கே இன்னும் வரவில்லை. தேயிலைத் தொழிற்சாலையை ஹோட்டலாக்கி, துரை பங்களாவை விடுதியாக்கி, வெளிநாட்டுக்காரருக்குத் தோட்டத்து ரொட்டியும் சம்பலும் பரிமாறுகிறார்கள். நல்லதுதான், வேலைவாய்ப்பும் வருகிறது. அதே மலையில் கொழுந்து பறிக்கிறவர் 1,000 ரூபா நாள்சம்பளத்துக்காக எத்தனையோ வருடம் போராடி 2021இல்தான் அதை வர்த்தமானியில் பார்த்தார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதற்காக "எங்கள் ரொட்டியை மற்றவர் சமைக்கக் கூடாது" என்று வேலி கட்டச் சொல்லவில்லை. அந்த வாதம் எங்களுக்கே ஆகாது. மா, மாசி, மிளகாய் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டியதுதான். யாரிடமிருந்து வந்தது என்று பெயர் சொல்லுங்கள், காசு வந்தால் பங்கு கொடுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் புத்தகங்களில் அதிகம் பார்க்க மாட்டீர்கள். பல இனம் சேர்ந்து வாழ்கிற ஊரில் கலக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, எதைக் கலக்கக் கூடாது என்றும் தெரிய வேண்டும். தோட்டத்துக் கல்யாணச் சமையலைப் போய்ப் பாருங்கள். மரக்கறிக்கு வேறு சட்டி, வேறு கரண்டி. மாட்டிறைச்சி வராது, இந்துக்களுக்கும் ஆகாது, பௌத்தர்களில் நிறையப் பேருக்கும் ஆகாது. முஸ்லிம் நண்பர்கள் வருகிறார்கள் என்றால் கோழியை ஹலால் கடையில் வாங்குவார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்றால் சம்பலில் மாசி போடாமல் ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவைப்பார்கள். இறைச்சிக் கடை பூட்டுகிற பௌர்ணமிப் போயா தினமென்றால் இறைச்சி முதல்நாளே வாங்கியிருக்க வேண்டும். இதை யாரும் நல்லிணக்கம் என்று சொல்லிக்கொண்டு செய்வதில்லை. வந்தவர் பசியோடு எழுந்து போகக் கூடாது என்ற கவலைதான். பண்பாட்டுப் பன்மைக்கு உதாரணம் கேட்டால், எல்லாவற்றையும் ஒன்றாகக் கொத்துகிற கல்லைவிட, அந்தக் கல்யாண வீட்டில் தனியாக எடுத்துவைத்த மாசியில்லாத சம்பலைத்தான் நான் காட்டுவேன்.

கட்டுரைக்கு ஒரு யோசனை. இணையத்திலிருந்து எடுத்து எழுதுவதை விட்டுவிட்டு, உங்கள் வீட்டிலேயே வயதானவர் ஒருவரிடம், அவர் சின்ன வயதில் சாப்பிட்டு இப்போது சாப்பிடாத சாப்பாடு என்ன, ஏன் நின்றது என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவிடமும் அதையே கேளுங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே பாதிக் கட்டுரை முடிந்துவிடும். கொத்தையும் விட்டுவிட வேண்டாம், அம்பாறையோடு சேர்த்து எழுதுங்கள். விரிவுரையாளருக்குப் பிடிக்காமல் போகலாம், அதற்காக வெட்டிவிடாதீர்கள்.

செய்முறைக்கும் ஏதாவது சமைத்துக் காட்டச் சொன்னால், தோட்டத்து ரொட்டியும் லீக்ஸும் செய்யுங்கள். மெனு அட்டையில் 'தோட்டத்து ரொட்டி' என்று தமிழிலேயே பெயர் போடுங்கள். ரொட்டியைப் பரிமாறுமுன்தான் சுட வேண்டும். முன்கூட்டிச் சுட்டு ஃபொயிலில் மூடி வைத்தால் வேர்த்து ரப்பராகிவிடும், துணிதான் சரி. லீக்ஸை மாசி போடாமல் இறக்கி, மாசியை நெய்யில்லாமல் தனியாக வறுத்து இடித்துச் சின்னக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியவர்கள் மேலே தூவிக்கொள்ளட்டும்.